ஸ்டாங்கா மூன்று முறை கூப்பிட்டாள்

சாவுக்கு நான் தயார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆகஸ்டில் கிராயோவா ஆஸ்பத்திரியில் டாக்டர் என் வயிற்றுக்குள் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு, மகனோடு போனில் பேச வேண்டும் என்றார். மகன் இத்தாலியில் லாரி ஓட்டுகிறான். "என்னோடயே பேசுங்க, வயிறு என்னோடதுதானே" என்றேன். கிறிஸ்துமஸ் வரை என்றார். அதுவே அதிகம் என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

எனக்கு ஒன்றும் பதறவில்லை. எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு அறுபது தாண்டினாலே எல்லாம் எடுத்து வைத்தாகிவிடும். பரணில் சவப்பெட்டி இருக்கிறது. ஈரம் தட்டாத இடம் என்று அதற்குள் வால்நட் கொட்டி வைத்திருக்கிறேன். அலமாரியில் கறுப்புப் பாவாடை, புது ஸ்கார்ஃப், காலுறை. கல்லறைச் சிலுவையில் என் பெயரும் பிறந்த வருஷமும் வெட்டி, பக்கத்தில் ஒரு கோடு போட்டு விட்டிருக்கிறான் கொத்தன். அதைப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டு சாஃப்தா, "பஸ் ஸ்டாப்புல நிக்கிற மாதிரி நிக்குதுடி உன் கோடு" என்று சிரித்தாள்.

பாக்கி இருந்தவை இரண்டு. ஒன்று, என் அசனம், சாவு விருந்து. செத்தபின் பிள்ளைகள் ஒழுங்காகச் செய்வார்களோ மாட்டார்களோ என்று, உயிரோடு இருக்கும்போதே தன் சாவு அசனத்தைத் தானே போட்டுவிடுவது எங்கள் ஊர் வழக்கம். கோதுமை வேகவைத்துச் சர்க்கரை போட்டு, பின்னல் ரொட்டி சுட்டு, ஊரைக் கூப்பிட்டு, வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும். அவர்கள் "கடவுள் மன்னிக்கட்டும்" என்று சொல்லி ஆளுக்கொரு மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டு உள்ளே போவார்கள். அக்டோபரில் ஒரு சனிக்கிழமை என்று நாள் குறித்தேன்.

இன்னொன்று, சாமியிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம். அதைச் செய்து, சாமி கையால் அப்பமும் ரசமும், அதாவது நன்மை, வாங்கிவிட்டால் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடலாம்.

மீரெலாதான் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவள் என் ஓரகத்தி ஸ்டாங்காவின் மகள். செத்துப்போன என் வீட்டுக்காரர் இலாரியேவின் அண்ணன் பெண். ஐம்பது வயதாகிறது, தபால் ஆபீசில் வேலை, எதிர்வீடு. என் துணி துவைப்பது அவள், மருந்து வாங்கி வருவது அவள். பெற்ற மகள் இருந்தால்கூட இப்படிப் பார்த்திருக்க மாட்டாள். ஏன் பார்க்கிறாள் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ஊருக்கே தெரியும்.

"சித்தி, நேரம் வர்றப்ப நான்தான் உங்க கையில மெழுகுவர்த்தி பிடிப்பேன். வேற யாரையும் விடமாட்டேன்" என்றாள் ஒருநாள், என் கால் நகம் வெட்டிக்கொண்டே. "எங்கம்மாவுக்கு நீங்க பிடிச்சீங்கல்ல."

நான் காலை இழுத்துக்கொண்டேன். சதையை வெட்டிவிட்டோம் என்று நினைத்து அவள் மன்னிப்புக் கேட்டாள்.

எங்கள் ஊரில் யாரும் கையில் எரியும் மெழுகுவர்த்தி இல்லாமல் சாகக்கூடாது. அந்தப் பக்கம் வழி தெரிவது அந்த வெளிச்சத்தில்தான். அது இல்லாமல் போனவர்களை 'இருட்டில் போனவர்கள்' என்போம். அப்படிப் போனவர்களுக்கு, இறந்தோர் சனிக்கிழமைகளில் கோயில் வாசலில் எல்லார் முன்னாலும் பெயர் சொல்லி மெழுகுவர்த்தி ஏற்றித் தானம் கொடுக்க வேண்டும். வாய்விட்டுச் சொல்லாமல் கொடுத்தால் போய்ச் சேராது. அதனால்தான் யாராவது இழுத்துக்கொண்டு கிடந்தால் வீட்டுப் பெண்கள் முறைபோட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம்.

முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் ஸ்டாங்கா ஈரல் கெட்டுக் கிடந்தபோது என் முறையின்போது அவள் போனாள். வெளிச்சத்தோடு போனாள் என்று நான் சொன்னேன். மீரெலா அப்போது ஊரில் இல்லை. பத்தொன்பது வயதில் பெண்டாட்டி பிள்ளை உள்ள ஒரு டிராக்டர்காரனோடு ஓடிப்போயிருந்தாள். "என் குழிமேட்டுக்குக்கூட அவ வரக்கூடாது" என்று ஸ்டாங்கா சொல்லியிருந்தாள். அடக்கத்துக்கு வந்து வேலிக்கு வெளியே நின்ற பெண்ணை நான் போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தேன். "உங்கம்மா கடைசியா உன் பேரைத்தான் சொன்னா. அவளை மன்னிச்சுட்டேன்னு சொல்லுன்னா" என்றேன். அந்தப் பெண் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டது. அப்புறம் டிராக்டர்காரனை விட்டாள், படித்தாள், வேலைக்குப் போனாள், ஒரு நல்லவனைக் கட்டிக்கொண்டாள். இன்றுவரை நிமிர்ந்து நடக்கிறாள் என்றால் அந்த ஒரு வார்த்தையால்தான்.

அசனத்துக்கு முந்தின புதன்கிழமை பகலில் பங்குச்சாமி கோர்னெல் வீட்டுக்கு வந்தார். சின்ன வயசு. எங்கள் சபைச் சாமிமார் கல்யாணம் கட்டலாம்; கைக்குழந்தை இருக்கிறது, அவருடைய தோள்துணியில் பால் வாடை. முழங்காலிட முடியவில்லை என்றேன். உட்கார்ந்தே சொல்லச் சொல்லி, பாவசங்கீர்த்தனத்துக்குச் செய்வதுபோல அந்தத் தோள்துணியை என் தலைமேல் போட்டார். நோன்பில் பாலாடைக்கட்டி தின்றது, மருமகளைத் திட்டியது, சாஃப்தாவின் கோழியைக் கல்லால் அடித்துவிட்டு நரி மேல் பழி போட்டது எல்லாம் சொன்னேன்.

"கோழி செத்துச்சா?" என்றார்.

"குழம்பு வச்சோம் சாமி. சாஃப்தாவும் சாப்பிட்டா."

துணிக்கு மேலே அவர் சிரித்தது கேட்டது. "வேற ஏதாவது மனசுல இருக்காம்மா? இது கடைசியா இருக்கலாம். நல்லா உள்ள பாருங்க."

உள்ளே பார்த்தேன். இந்த ஒன்றை நான் அதுவரை எந்தச் சாமியிடமும் சொன்னதில்லை. சொன்னேன். ஸ்டாங்கா மெழுகுவர்த்தி இல்லாமல்தான் போனாள், நான் அப்போது சமையலறையில் இருந்தேன், ஊருக்குப் பயந்து பிறகு அவள் விரல்களுக்குள் செருகி ஏற்றி, மெழுகு கைமேல் சொட்டவிட்டுவிட்டு ஆட்களைக் கூப்பிட்டேன் என்று.

அவர் பெரிதாக அதிர்ச்சி அடையவில்லை. "மெழுகுவர்த்தி இல்லேன்னா கடவுளுக்குக் கண்ணு தெரியாதா? நல்ல வழக்கந்தான், ஆனா அது நம்ம ஆறுதலுக்கு. சமையல் பண்றப்ப ஒருத்தர் உயிர் போறது உங்க பாவம் இல்லே" என்றார். பாவமன்னிப்பு ஜெபத்துக்கு மூச்சு இழுத்தவர் நின்றார். "அந்தம்மா கூப்பிடலையே?"

அவர் கேட்காமல் இருந்திருக்கலாம்.

"மூணு தடவை கூப்பிட்டா சாமி."

"கேட்டுச்சா?"

"நடுவுல ஒரு கதவுதானே."

அப்புறம் எல்லாம் வந்தது. அந்தக் காலத்தில் கடையில் மெழுகுவர்த்தியே கிடைக்காது. ஈஸ்டர் பாஸ்காவுக்கு வாங்கிய ஒன்றுதான் வீட்டில் இருந்தது. மூன்று நாளாக ஸ்டாங்கா "இப்ப போறேன், ஏத்து" என்பாள், ஏற்றுவேன், போகமாட்டாள், அணைப்பேன். விரல் நீளத்துக்கு வந்துவிட்டது. அன்று மத்தியானம் மறுபடி கேட்டபோது, "தீத்துடாதே, நெசமா போறப்ப வேணும்" என்று சொல்லி அதை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். சுட்ட குடைமிளகாய் ஒரு சட்டி நிறைய இருந்தது, தோலுரிக்க உட்கார்ந்தேன். "டோம்னிகா, வா" என்றாள். உரித்தேன். "டோம்னிகா, வா" என்றாள். உரித்தேன். மூன்றாவது தடவை குரல் இல்லை, காற்றுதான். ஆனால் என் பெயர் என்று தெரிந்தது. சட்டி தீரும்வரை நான் எழுந்திருக்கவில்லை. போய்ப் பார்த்தபோது கதவைப் பார்த்தபடி கிடந்தாள், கண் திறந்திருந்தது.

"அலுத்துப் போயிருப்பீங்க" என்றார் சாமி. எனக்கு ஒரு வழி திறந்துவிடப் பார்த்தார், பாவம்.

நானும் அந்த வழியில் போயிருப்பேன். ஆனால் துணிக்கு அடியில் இருட்டாக இருந்தது, அந்த இருட்டில் எனக்கு மிளகாய்ச் சட்டி தெளிவாகத் தெரிந்தது. அலுப்பில்லை. என் முதல் குழந்தை மூன்று நாள்தான் இருந்தது. பனியில் சாமி வந்து சேர்வதற்குள் போய்விட்டது, ஞானஸ்நானம் இல்லாமல். அவசரத்துக்கு யாரும் ஒரு கை தண்ணீர் ஊற்றலாம் என்று அந்த வயதில் எனக்குத் தெரியாது. ஆற்றில் கம்பளம் துவைக்கும்போது எல்லாப் பெண்களுக்கும் நடுவில் ஸ்டாங்கா சொன்னாள்: "மூணு நாள் இருந்துச்சே, ஒரு கை தண்ணி ஊத்த வக்கில்லாம புள்ளைய இருட்டுல அனுப்பிட்டா." இருபது வருஷத்துக்கு மேல் அவளோடு ஒரே அடுப்பில் சமைத்தேன், சிரித்தேன், அவள் மகளுக்குத் தலை பின்னினேன். மறந்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். கதவுக்குப் பின்னால் அவள் கூப்பிட்டபோது என் வாய்க்குள் ஒரு வார்த்தை இருந்தது. 'இப்ப நீ போ.' மிளகாய் உரித்துக்கொண்டே அதைச் சொன்னேன். சத்தமாகவே சொன்னேனோ என்னவோ.

சாமி துணியை எடுத்துவிட்டார். அவருக்கு வியர்த்திருந்தது.

"மீரெலாகிட்ட அம்மா மன்னிச்சான்னு சொன்னது?"

"அதுவும் என் சொல்லுதான்."

துணியை மடித்து மடியில் வைத்தார். "அவகிட்ட சொல்லணும்மா. உண்மையை அவகிட்டேருந்துதான் எடுத்தீங்க, அவளுக்குத்தான் திருப்பணும். சொல்லாம எப்படி நான் நன்மை குடுப்பேன்?"

"சொன்னா அவ கதி என்ன ஆகும் சாமி? முப்பது வருஷமா அந்தத் தூணைப் பிடிச்சுதான் நிக்கிறா."

"தெரியலே" என்றார். பொய் சொல்லாத ஆள். அதற்காகவே அவரைப் பிடிக்கும், அன்று பிடிக்கவில்லை.

இரண்டு நாள் அதையே உருட்டிக்கொண்டிருந்தேன். சொன்னால் ஸ்டாங்காவுக்கு அவள் மகள் கோயில் வாசலில் வெளிச்சம் கொடுப்பாள். என் பொய்யால் இத்தனை வருஷம் யாரும் கொடுக்கவில்லை. சொல்லாவிட்டால் மீரெலா நிம்மதியாக இருப்பாள். ஸ்டாங்காவுக்காகச் சொல்கிறேன், ஸ்டாங்காவுக்காகச் சொல்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் இரண்டு நாளும் என் கண்முன் நின்றது ஸ்டாங்கா இல்லை, நன்மைக் கிண்ணம்தான். அது இல்லாமல் அந்தப் பக்கம் போக எனக்குப் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை மீரெலா என் சமையலறையில் முட்டைக்கோஸ் இலையில் கறியும் அரிசியும் வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நூற்றைம்பது சுருட்ட வேண்டும். "நாளைக்கு உப்பு கம்மியா இருந்தா செத்தவகிட்டயே நேர்ல கேட்டுக்கலாம்னு சாஃப்தா சொல்லிட்டுத் திரியுறா" என்று சிரித்தாள். நான் எதிரில் உட்கார்ந்து, அவள் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். எல்லாவற்றையும். மிளகாயையும் சொன்னேன், என் வாய்க்குள் இருந்த வார்த்தையையும் சொன்னேன்.

அவள் சுருட்டுவதை நிறுத்தவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று சுருட்டிச் சட்டியில் அடுக்கினாள்.

"மூணு தடவையும் உங்க பேரா?"

"ஆமா."

"என் பேரு?"

"இல்லேம்மா."

"மன்னிச்சேன்னு?"

"நான் சொன்னது."

"அப்ப எனக்கு என்ன சொல்லிட்டுப் போனா?"

குழிமேட்டுக்குக்கூட வரக்கூடாது என்று ஸ்டாங்கா சொன்னதைத்தான் சொல்ல முடியும். அது அவளுக்கே தெரியும். அவள் கையைக் கழுவினாள். நகக்கண்ணில் ஒட்டியிருந்த அரிசியை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"ஏன் இப்ப சொன்னீங்க?"

"சொல்லாம நன்மை கிடையாதுன்னு சாமி சொல்லிட்டாரு."

"ஓ" என்றாள். "உங்களுக்கு வேணும்னு சொன்னீங்க."

ஸ்டாங்காவின் வெளிச்சத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. அவள் சொன்னதுதான் உண்மை என்று எனக்கு முன்பே என் வாய்க்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் அசனம் நடந்தது. மீரெலா வராமல் இருந்துவிடுவாள் என்று பயந்தேன், வந்தாள். கறுப்பு ஸ்கார்ஃப் கட்டி, எழுபது பேருக்குப் பரிமாறினாள். ஊர்க்காரர்களுக்கு ஒன்றும் தெரியாது. நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வந்தவர்களிடம் "என்னை மன்னிச்சிடுங்க" என்றேன். "கடவுள் மன்னிக்கட்டும்" என்றார்கள். பிளம் சாராயம் உள்ளே போனதும் சத்தம் கூடியது. தபால்கார நெலு, "இப்படிச் சாப்பாடு போட்டா வருஷா வருஷம் சாகலாமே பெரியம்மா" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எல்லாரும் போனபின் மீரெலா பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு வாசலுக்கு வந்தாள். கூடையில் ஒரு மெழுகுவர்த்தி பாக்கி இருந்தது. எடுத்து நீட்டினேன்.

"என்னை மன்னிச்சிடு மீரெலா."

யாராக இருந்தாலும் 'கடவுள் மன்னிக்கட்டும்' என்ற அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லிவிடுவார்கள். சண்டைக்காரர்கள்கூட வழக்கத்துக்காகச் சொல்லிவிட்டுப் போவார்கள். அவள் மெழுகுவர்த்தியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"மனசுல இல்லாததைச் சொல்லிட்டேன்னு நாளைக்கு நான் யார்கிட்டே போய் நிக்கிறது?" என்றாள். ஏப்ரனைக் கழற்றிக் கதவுக் கொக்கியில் மாட்டிவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை சாமி கிண்ணத்தோடு வந்தார். சொல்லிவிட்டேன் என்றேன். அவள் என்ன சொன்னாள் என்று கேட்டார். அதையும் சொன்னேன். "உங்க பங்கை நீங்க செஞ்சிட்டீங்க" என்றார்.

"சாமி, அவளுக்காகச் சொல்லலே. ஸ்டாங்காவுக்காகவும் சொல்லலே. பயத்துல சொன்னேன். இது மனசு வருந்தினதா, பயமா?"

"பயத்துல வர்றவங்களையும் அவர் தள்ளறதில்லே."

"அது உங்களுக்குத் தெரியுமா, இல்லே சொல்றீங்களா?"

அவர் ரசத்தில் ஊறிய அப்பத்தை அள்ளினார். கரண்டியை நீட்டினார். வாயைத் திறந்து வாங்கினேன். வெதுவெதுப்பாக, இனிப்பாக இருந்தது. உள்ளே இறங்கும்வரை காத்திருந்தேன், ஏதாவது அசையுமா என்று. வயிற்று வலிதான் அசைந்தது.

நவம்பர் முதல் சனிக்கிழமை இறந்தோர் நாள். என்னால் கோயிலுக்குப் போக முடியவில்லை. மணி அடித்ததைப் படுக்கையில் இருந்து கேட்டேன். கொஞ்ச நேரத்தில் சாஃப்தா வந்தாள், கையில் எனக்கென்று கொண்டுவந்த கோதுமைக் கிண்ணம். கட்டிலின் ஓரத்தில் உட்காராமல் நின்றாள். உட்காராத சாஃப்தாவை நான் பார்த்ததில்லை.

"மீரெலா வாசல்ல நின்னு மெழுகுவர்த்தி குடுத்தா" என்றாள். "ஸ்டாங்கா பேரைச் சொன்னா. இருட்டுல போனவளுக்குன்னு சொன்னா."

"ஆமா."

"அப்ப நெசமா?"

"நெசந்தான்."

சாஃப்தா கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். "எங்க வீட்டுக்காரருக்கு நீதானே பிடிச்சே. நான் கெணத்தடியில இருந்தேன். வந்து பாக்கறப்ப எரிஞ்சுட்டு இருந்துச்சு."

"அது நெசம் சாஃப்தா. அவரு மூச்சு நிக்கிறப்ப என் கை அவரு கை மேல இருந்துச்சு. சத்தியமா."

"நீ சொல்றே" என்றாள்.

ஸ்டாங்காவுக்கு அப்புறம் பதினேழு பேருக்கு நான் பிடித்திருக்கிறேன். யார் வீட்டிலிருந்து கூப்பிட்டாலும், மாவு பிசைந்த கையோடு ஓடியிருக்கிறேன். ஒருவருக்கும் தவறவில்லை. அந்தப் பதினேழு வீட்டிலும் இன்றைக்கு இந்தக் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருப்பார்கள். யாரிடம் போய் என்ன சொல்ல. பொய் சொன்னபோது நம்பினார்கள்.

சாஃப்தா கிண்ணத்தைச் சன்னலில் வைத்துவிட்டுப் போனாள். அதற்கப்புறம் ஒருத்தரும் வரவில்லை. மகன் போன் செய்தான். கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைக்கும் என்றான். அதுவரை தாங்காது என்று எனக்குத் தெரிகிறது, சொல்லவில்லை. மீரெலா வீட்டுப் புகைபோக்கியில் புகை வருவது கட்டிலிலிருந்தே தெரியும். நான் கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான்.

ஒவ்வொரு நாளும் காலையில் சாமி சொன்ன மாதிரி உள்ளே பார்க்கிறேன். ஸ்டாங்காவுக்கு வெளிச்சம் போய்ச் சேர்ந்துவிட்டது, சந்தோஷப்படு என்று மனசுக்குச் சொல்கிறேன். கேட்க மாட்டேன் என்கிறது. சரி, மீரெலாவுக்காகவாவது அழு என்கிறேன். அதற்கும் கேட்பதில்லை. எனக்கு யார் வருவார்கள், எனக்கு யார் வருவார்கள் என்று மட்டும்தான் அது கேட்டுக்கொண்டிருக்கிறது.